ஓடிபி எல்லாம் முதலாளி போனுக்கே போகுது: ஆளுக்கொரு பூட்டா மாத்துறது எப்படி?

கருங்கல்_கணக்கு கேட்டது:

வணக்கம். கருங்கல் பக்கம் ஒரு முந்திரிப் பருப்பு யூனிட்டுக்காகக் கேட்கிறேன். ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்காருவது ஆறு பேர். நிலவரம் இது:

மெயில் சொந்த டொமைனில், கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடுது. ஆளுக்கொரு ஐடி இருக்கு. ஆனா பில், பேமெண்ட் விவரம் எல்லாம் வர்ற அக்கவுண்ட்ஸ் ஐடியை மூணு பேர் ஒரே பாஸ்வேர்டில் திறக்கிறாங்க. லாரியில சரக்கு அனுப்ப ஜிஎஸ்டிக்காகப் போடுற இ-வே பில் லாகின் ஒண்ணே ஒண்ணு. அதோட ஜிஎஸ்டி போர்டல், நெட்பேங்கிங், கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேர். இதுல ஓடிபி கேட்கிறது எல்லாம் முதலாளி வச்சிருக்கிற ஒரே ப்ரீபெய்டு நம்பருக்குத்தான் போகும். அவர் கொல்லம் போன நேரத்துலயோ, பேச்சிப்பாறை பக்கம் சிக்னல் கிடைக்காத இடத்துல நிக்கும்போதோ லோடு ஏத்தின லாரி முற்றத்துல கிடக்கும், பில் போட முடியாது.

1. லாகின் கோட் காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு வர்ற க்யூஆரை மூணு போன்லயும் ஸ்கேன் பண்ணி வச்சா வேலை செய்யுமா?
2. போன் தொலைஞ்சா என்ன செய்யணும்?
3. இ-வே பில்லுக்கு வேற வழி உண்டா?
4. டிஜிட்டல் கையெழுத்து போடுற டிஎஸ்சி டோக்கன் ஒண்ணு இருக்கு. அதையே லாகினுக்குச் செருகுற செக்யூரிட்டி கீயா ஜிமெயிலுக்குப் பயன்படுத்தலாமா?

வடசேரி_வயர்:

நாலாவதுக்குச் சட்டுன்னு பதில்: முடியாது. பார்க்க ரெண்டும் யூஎஸ்பி பென்டிரைவ் மாதிரிதான் இருக்கும். டிஎஸ்சி டோக்கனுக்குள்ள இருக்கிறது கையெழுத்து போடுற சான்றிதழ். கூகுள் கேட்கிறது ஃபிடோங்கிற லாகின் தரத்துல செய்த கீ. அது வேற சாதனம், தனியா வாங்கணும், ஒண்ணு சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆறு பேருக்கும் வாங்க வேண்டாம். அட்மினுக்கு ரெண்டு, அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு போதும்.

இப்ப முதல் கேள்வி. க்யூஆருக்குள்ள இருக்கிறது ஒரு ரகசிய எழுத்து வரிசை மட்டும்தான். ஆப் அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒருக்கா ஆறு இலக்கம் காட்டும். சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஒரே க்யூஆரை மூணு போன்ல ஏத்தினா மூணுலயும் ஒரே எண் வரும். அதனால வேலை செய்யும். ஆனாலும் செய்யாதீங்க. யார் உள்ள வந்தாங்கன்னு லாகின் பதிவுல தெரியாது. மூணு பேர்ல ஒருத்தர் வேலையை விட்டா மத்த ரெண்டு பேருக்கும் திரும்ப முதல்லேர்ந்து அமைக்கணும். அந்தத் தொந்தரவுக்குப் பயந்து யாரும் அமைக்க மாட்டாங்க. போனவர் போன்ல கோட் ஓடிக்கிட்டே இருக்கும்.

பொது ஐடிக்குச் சரியான வழி டெலிகேஷன், அதாவது பாஸ்வேர்டு கொடுக்காம மெயிலை மட்டும் மத்தவங்களுக்குத் திறந்துவிடுறது. அட்மின் கன்சோல்ல (வொர்க்ஸ்பேஸை நிர்வகிக்கிற பக்கம்) ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், யூசர் செட்டிங்ஸ் போய் மெயில் டெலிகேஷனை ஆன் பண்ணுங்க. அப்புறம் அக்கவுண்ட்ஸ் ஐடிக்குள்ள செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் பகுதியில மூணு பேரோட சொந்த ஐடியையும் சேருங்க. அவங்களுக்கு ஒரு மெயில் வரும், ஒரு வாரத்துக்குள்ள ஏத்துக்கணும். நடைமுறைக்கு வர சில சமயம் 24 மணி நேரம் வரை ஆகும், அதுக்குள்ள வரலைன்னு அழிச்சு அழிச்சுச் சேர்க்க வேண்டாம். அதுக்குப் பிறகு மூணு பேரும் அவங்கவங்க பாஸ்வேர்டு, அவங்கவங்க ரெண்டாவது பூட்டோட (பாஸ்வேர்டுக்கு மேல கேட்கிற கோட் அல்லது கீ) நுழைஞ்சு அக்கவுண்ட்ஸ் மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம். பாஸ்வேர்டை மாத்த முடியாது. அக்கவுண்ட்ஸ் ஐடியோட பாஸ்வேர்டை நீளமா ஒண்ணு வச்சு கவர்ல போட்டு ஒட்டிடுங்க, தினசரிக்கு யாருக்கும் அது தேவைப்படாது.

எல்லாருக்கும் ரெண்டாவது பூட்டு போடும்போது வரிசை முக்கியம். கன்சோல்ல செக்யூரிட்டிக்குள்ள டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கு. முதல் நாள் 'அனுமதி' மட்டும் கொடுங்க. கட்டாயம் இப்ப வேண்டாம். ஆறு பேரையும் உட்கார வச்சு ஆப் ஏத்தி, யார் சேர்ந்தாங்கன்னு யூசர் பட்டியல்ல பார்த்துட்டு, அப்புறம் ஒரு தேதியில இருந்து கட்டாயம்னு போடுங்க. அந்தத் தேதியில சேராம இருக்கிற ஆள் வெளிய நிப்பார். புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு ஒரு வாரம் அவகாசம்னு அங்கேயே ஒரு இடம் இருக்கு. அதை விட்டுட்டா புது ஆள் முதல் நாளே உள்ள போக முடியாம முழிப்பார். எந்த முறை செல்லும்னு கேட்கிற இடத்துல எஸ்எம்எஸ், போன் கால் தவிர்த்த தேர்வை எடுங்க. ஆபீஸ் பொதுக் கம்ப்யூட்டர்ல 'இந்தக் கருவியில் மறுபடி கேட்காதே' டிக்கை எடுத்துடணும்.

இதைப் போட்ட மறுநாள் டாலியில இருந்து பில் மெயில் போகாது. இது கிட்டத்தட்ட எல்லா ஆபீஸிலும் நடக்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஏத்துக்கலைன்னு பிழை வரும். காரணம், டாலியால ரெண்டாவது பூட்டைத் திறக்கத் தெரியாது. அந்த ஐடிக்குள்ள போய் ஆப் பாஸ்வேர்டு எடுங்க. 16 எழுத்து வரும், அதை டாலி மெயில் அமைப்புல சாதா பாஸ்வேர்டுக்குப் பதிலா போடணும். ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற ஜெராக்ஸ் மெஷினுக்கும் இதே வைத்தியம், ஆனா தனி ஆப் பாஸ்வேர்டு. கூகுள் பாஸ்வேர்டை மாத்தினா ஆப் பாஸ்வேர்டெல்லாம் செத்துப்போகும், திரும்ப எடுக்கணும். செக்யூரிட்டி கீ மட்டும்தான்னு கட்டாயப்படுத்தின ஐடியில ஆப் பாஸ்வேர்டு தேர்வே தெரியாது. அதனால டாலிக்கு பில் அனுப்ப மட்டும் தனி ஐடி ஒண்ணு ஒதுக்குங்க.

தக்கலை_ஜிஎஸ்டி:

மூன்றாவது கேள்விக்கு. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இரண்டாம் கட்ட உறுதிப்பாடு படிப்படியாகக் கட்டாயமானது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 20 முதல். 20 கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, 5 கோடிக்கு மேல் பிப்ரவரி 1, மற்ற எல்லாருக்கும் ஏப்ரல் 1. தப்பிக்க வழி பார்ப்பதில் பயனில்லை. ஆனால் உங்கள் லாரி நிற்பதற்குக் காரணம் இந்த விதி இல்லை, எல்லாரும் ஒரே லாகினில் போவதுதான்.

மெயின் லாகினில் நுழைந்து யூசர் மேனேஜ்மெண்டில் சப்-யூசர் உருவாக்குங்கள். லோடு அனுப்பும் ஆளுக்கு ஒன்று, கணக்கு பார்ப்பவருக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் மொபைல் நம்பரைக் கொடுங்கள். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும், முதலாளியைத் தேட வேண்டாம். பில் போட மட்டும் உரிமை கொடுத்து மற்றதை எடுத்துவிடலாம். ஆள் விலகினால் அதே இடத்தில் ஃப்ரீஸ் செய்யலாம்.

ஓடிபி வாங்க மூன்று வழி உண்டு: எஸ்எம்எஸ், அரசின் மெசேஜ் ஆப்பான சந்தேஸ், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப். சிக்னல் தகராறு இருக்கும் இடத்துக்கு மூன்றாவதுதான் சரி. இன்டர்நெட் இல்லாமலே கோட் காட்டும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். ஆப்பை இ-வே பில் தளத்தில் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஆப் ஃபைல் (ஏபிகே) வேண்டவே வேண்டாம்.

கோட் சரியாகவே அடித்தும் 'தவறு' என்று வந்தால் பத்தில் ஒன்பது தடவை போனின் நேரம்தான் காரணம். யாரோ கையால் நேரம் வைத்திருப்பார்கள், இரண்டு நிமிடம் முந்தி ஓடும். ஆண்ட்ராய்டில் தேதி, நேரம் பகுதியில் தானாக அமை என்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும். கூகுள் ஆதென்டிகேட்டருக்கும் இதே கதைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி போர்டலில் ஆதரைஸ்டு சிக்னேட்டரி (நிறுவனம் சார்பில் கையெழுத்திடுபவர்) பக்கத்தில் இருக்கும் மொபைலும் மெயிலும் யாருடையவை என்று இன்றே பாருங்கள். பதிவு எடுத்துக் கொடுத்தவர் வசதிக்காகத் தன் நம்பரைப் போட்டு, அது அப்படியே கிடப்பது நம் மாவட்டத்தில் சர்வசாதாரணம். போர்டலில் பாஸ்வேர்டை மீட்பது அந்த நம்பர் வழியாகத்தான். லாகின் கையில் இருந்தால் சர்வீசஸ், ரெஜிஸ்ட்ரேஷன், நான்-கோர் திருத்தம் வழியாக நீங்களே மாற்றலாம். லாகினே இல்லை என்றால் உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் ஆவணத்தோடு நேரில் போக வேண்டியதுதான்.

குளச்சல்_காத்து:

வயர் அண்ணன் சொன்னது கொள்ளாம். ஆனா அடிப்படை ஒண்ணு விட்டுப்போச்சு.

உங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை "அண்ணாச்சி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க"ன்னு போன் போகுதுன்னு எண்ணிப் பாருங்க. திருடன் கேட்கப்போறதும் இதே வாக்கியமாக்கும். தினம் பத்து தடவை வாசிச்சுக் குடுத்துப் பழகின ஆளுக்குப் பதினோராவது தடவை சந்தேகம் வராது. "யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க"ன்னு பேங்க் அனுப்புற மெசேஜை அவர் தினமும் மீறிக்கிட்டுதான் இருக்கார், வேற வழியில்லாம. ஆளுக்கொரு பூட்டு வேணும்னு சொல்றதுக்கு முதல் காரணம் இதுதான். லாரி நிக்குறது ரெண்டாவது.

அடுத்தது, ஆப் கோடும் எல்லாத்தையும் தடுக்காது. முந்திரி யூனிட்டுன்னா ஆப்பிரிக்காவுல இருந்து கொட்டை வாங்குவீங்க, வெளிநாட்டுக்குப் பருப்பு அனுப்புவீங்க, இன்வாய்ஸ் மெயில்லதான் போகும் வரும். குறி வைக்கிறது அந்த மெயிலை. 'ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்க'ன்னு ஒரு லிங்க் வரும். திறந்தா அசல் லாகின் பக்கம் மாதிரியே இருக்கும், ஏன்னா அது அசல் பக்கத்தை நடுவுல நின்னு காட்டுது. நீங்க பாஸ்வேர்டு அடிச்சா அவன் அதை அசல் தளத்துக்குத் தள்ளுவான். ஆறு இலக்கத்தை அடிச்சா அதையும் 30 விநாடிக்குள்ள தள்ளுவான். தளம் சரின்னு சொல்லிக் குடுக்கிற செஷன் குக்கி, அதாவது லாகின் ஆயாச்சுன்னு காட்டுற சீட்டு, அவன் கையில போயிரும். அதுக்கப்புறம் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

செக்யூரிட்டி கீயும் பாஸ்கீயும் (போன்லயோ கம்ப்யூட்டர்லயோ சேமிச்சு வைக்கிற கீ) இங்கதான் ஜெயிக்குது. அது எந்தத் தளத்துல பதிவாச்சோ அந்தத் தளத்தோட பெயருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒரு எழுத்து மாறின டொமைன்ல நீங்க நூறு தடவை விரல் வச்சாலும் வாய் திறக்காது. மனுசக் கண்ணு ஏமாறும், அது ஏமாறாது. அதனால அக்கவுண்ட்ஸ் மெயிலைப் படிக்கிற மூணு பேருக்கும் அட்மினுக்கும் கீ அல்லது பாஸ்கீ. குடோன், டெஸ்பாட்ச் ஆளுகளுக்கு ஆப் போதும்.

போன்ல 'நீங்கதானா? ஆம் / இல்லை'ன்னு கேட்கிற முறையில இன்னொரு ஓட்டை உண்டு. பாஸ்வேர்டு கிடைச்சவன் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியை அனுப்பிக்கிட்டே இருப்பான். தூக்கக் கலக்கத்துல ஒரு தடவை 'ஆம்' தட்டினா முடிஞ்சுது. மைக்ரோசாஃப்ட் 2023 மே மாசத்துல இருந்து திரையில தெரியுற எண்ணை போன்ல அடிக்கச் சொல்லிக் கட்டாயமாக்கினது இதனாலதான். கேட்காத நேரத்துல கேள்வி வந்தா அர்த்தம், உங்க பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளிய போயாச்சு. 'இல்லை' தட்டிட்டுப் படுத்துறாதீங்க, உடனே பாஸ்வேர்டை மாத்துங்க.

யாராவது போலிப் பக்கத்துல அடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா பாஸ்வேர்டை மாத்தினா மட்டும் பத்தாது. அட்மின் கன்சோல்ல அந்த யூசரோட எல்லா செஷனையும் சைன்-அவுட் பண்ணுங்க. அவர் ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபில்டர், ஃபார்வர்டிங், டெலிகேஷன் மூணையும் பாருங்க. 'பேமெண்ட்' இல்லேன்னா 'இன்வாய்ஸ்'னு வர்ற மெயிலை எல்லாம் ஆர்க்கைவுக்குத் தள்ளுற ஃபில்டர் ஒண்ணு உட்கார்ந்திருக்கும். வாங்குறவர் அனுப்பின பதில் உங்க கண்ணுல படாது, நடுவுல இருக்கிறவன் புது பேங்க் அக்கவுண்ட் நம்பர் குடுத்துப் பேசிக்கிட்டிருப்பான். அதோட, தெரியாத ஆப் எதுக்காவது அனுமதி குடுத்திருக்கான்னும் பாருங்க. பணம் போயிருந்தா பேங்குக்கும் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கும் அப்பவே கூப்பிடணும், எல்லாரையும் விசாரிச்சுட்டுக் கூப்பிடலாம்னு இருக்கக் கூடாது.

பேங்க் அக்கவுண்ட் மாறினதுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்லாம பழைய கான்ட்ராக்ட்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்கணும். எந்த ஆப்பும் இந்த வேலையைச் செய்யாது.

கருங்கல்_கணக்கு:

ரொம்ப நன்றி. டெலிகேஷனும் சப்-யூசரும் இந்த வாரமே செய்யலாம். ரெண்டு சந்தேகம். பேங்க்ல எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும்தான், ஆப் தேர்வே இல்லை. அதுக்கு ஆபீஸ் பேருக்கு ஒரு சிம் எடுத்து பட்டன் போன்ல போட்டு மேஜை டிராயர்ல வச்சுட்டா? இன்னொண்ணு, எஸ்எம்எஸ் அவ்வளவு மோசமா?

வடசேரி_வயர்:

எஸ்எம்எஸ் ஒண்ணும் இல்லாததுக்கு மேல். வேற தேர்வு இல்லாத இடத்துல தாராளமா வைங்க. டிராயர் யோசனைதான் எனக்குப் பிடிக்கலை. டிராயரைத் திறக்கிறவங்க எல்லாருக்கும் ஓடிபி கிடைக்கும். பொது பாஸ்வேர்டுல இருந்து தப்பிச்சுப் பொது போன்ல விழுந்த கதைதான்.

கரண்ட் அக்கவுண்ட் நெட்பேங்கிங்ல பெரும்பாலும் மேக்கர், செக்கர்னு ரெண்டு பயனர் கேட்டு வாங்கலாம். கணக்குப் பார்க்கிறவர் தொகையை ஏத்துவார், அவர் ஓடிபி அவர் நம்பருக்கு. முதலாளி தன் ஐடியில நுழைஞ்சு ஒப்புதல் கொடுப்பார், அவர் ஓடிபி அவருக்கு. கிளையில ஃபாரம் எழுதிக் கொடுக்கணும். யாருக்கு எவ்வளவு வரம்புன்னும் அப்பவே எழுதிடுங்க.

தக்கலை_ஜிஎஸ்டி:

டிராயர் விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லாத ஒரு நம்பர், நிறுவனத்தின் பெயரில், போஸ்ட்பெய்டில் இருப்பது நல்லது. தினசரி லாகினுக்கு அல்ல, மீட்பு நம்பராக மட்டும். அந்த போன் டிராயரில் இருக்கக் கூடாது, இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும்.

ப்ரீபெய்டு ஏன் வேண்டாம் என்றால், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பர் துண்டிக்கப்படலாம், பிறகு வேறு ஒருவர் கைக்குப் போகும். உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். சிம் மாற்றும்போதும் கவனம். டூப்ளிகேட் சிம் வாங்கினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, சிம் மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. 20ஆம் தேதி காலையில் சிம்மை மாற்றிவிட்டு மதியம் ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கல் செய்ய உட்கார்ந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். சிம் மாற்றியபின் ஏழு நாள் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யவும் முடியாது, இது 2024 ஜூலை 1 முதல். நீங்கள் எதுவும் செய்யாமலே போனில் திடீரென்று சிக்னல் முழுதாகப் போய், பக்கத்தில் உள்ளவருக்கு மட்டும் இருந்தால், டவரைக் குறை சொல்வதற்கு முன் கம்பெனிக்குக் கூப்பிட்டு சிம் நிலையைக் கேளுங்கள்.

குளச்சல்_காத்து:

ரெண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல்லியே. போன் தொலைஞ்சா.

ஊழியர் போன்னா பெரிய விஷயமில்ல. அட்மின் கன்சோல்ல அந்த யூசரைத் திறந்து, செஷனை சைன்-அவுட் பண்ணி, பேக்கப் கோட் (போன் இல்லாமலே நுழையுறதுக்கான எண்) எடுத்துக் குடுத்தா அஞ்சு நிமிசத்துல வேலைக்கு வந்துருவார். தொலைஞ்சது அட்மின் போன்னாதான் கஷ்டம். அதனால சூப்பர் அட்மின் (எல்லா உரிமையும் உள்ள அட்மின்) ரெண்டு வேணும். ரெண்டும் தினசரி மெயில் பார்க்காத தனி ஐடி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கீ, ரெண்டும் வேற வேற கட்டடத்துல.

கூகுள் ஆதென்டிகேட்டர் 2023 ஏப்ரல்ல இருந்து கோடுகளைக் கூகுள் கணக்குலயே சேமிக்கும். வசதிதான். ஆனா அந்தக் கூகுள் கணக்கைத் திறக்கவே அந்த ஆப்ல உள்ள கோட்தான் வேணும்னு வச்சிருந்தா, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினது போலாக்கும். பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுக்கிறதுக்கு முன்னாடி புதுசுல ஆப்பைத் திறந்து, கோட் வருது, லாகின் ஆகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் குடுங்க.

பேக்கப் கோட் ஒரு தொகுப்புல பத்து வரும், ஒவ்வொண்ணும் எட்டு இலக்கம், ஒரு தடவைக்குத்தான் செல்லும். புதுத் தொகுப்பு எடுத்தா பழசு எல்லாம் செல்லாது. கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப்புல போட்டோவா வைக்காதீங்க. அச்சு எடுங்க, ஆனா பில் மெஷின்ல வர்ற தெர்மல் பேப்பர்ல எடுக்காதீங்க. நம்ம ஊர் வெக்கைக்கு ஆறு மாசத்துல எழுத்து மங்கி வெறுந்தாள் ஆயிரும். லேசர் பிரிண்ட், இல்லன்னா பால்பாயிண்ட் பேனாவால எழுதி, மழைக்காலத்து ஈரம் பிடிக்காம ஒரு ஜிப் கவர்ல. ஒண்ணு ஆபீஸ் பெட்டில, இன்னொண்ணு முதலாளி வீட்டுல இல்ல லாக்கர்ல.

அப்புறம் டொமைன். அது யார் பெயர்ல, யார் மெயில் ஐடில வாங்கியிருக்கு? வெப்சைட் செய்து குடுத்தவரோட ஐடின்னா அதைத்தான் முதல்ல மாத்தணும், மத்ததெல்லாம் அப்புறம். டிஎன்எஸ் (டொமைனுக்கு வர்ற மெயிலும் வெப்சைட்டும் எங்க போகணும்னு சொல்ற பதிவு) யார் கையில இருக்கோ அவர் மெயிலையே வேற பக்கம் திருப்பலாம். வொர்க்ஸ்பேஸ் அட்மின் கணக்கை மீட்கும்போது கூகுள் கேட்கிறதும் டிஎன்எஸ்ல ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொல்லித்தான். வாசலுக்கு எத்தனை பூட்டு போட்டாலும் அடுக்களைக் கதவு அது.

கருங்கல்_கணக்கு:

டொமைன் பார்த்தாச்சு. 2019இல் வெப்சைட் செய்தவர் ஐடியில்தான் இருக்கு. மாத்தணும்னா என்ன கேட்கணும்?

வடசேரி_வயர்:

அவர்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேளுங்க. அதே ரெஜிஸ்ட்ராருக்குள்ள (டொமைன் விற்கிற கம்பெனி) உங்க பேர்ல ஒரு கணக்கு திறந்து அதுக்குத் தள்ளிவிடச் சொல்றது. இதுதான் சுலபம், மெயில் நிக்காது. இல்லன்னா டொமைன் மேல உள்ள டிரான்ஸ்ஃபர் பூட்டை எடுத்து ஆத் கோட் (மாத்துறதுக்கான ரகசியக் கோட்) கேட்டு வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்துறது. அதுக்குச் சில நாள் ஆகும். எதுவானாலும் மாத்துறதுக்கு முன்னாடி டிஎன்எஸ் பக்கம் முழுசையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, குறிப்பா மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் வரிகளும் சரிபார்ப்புக்கான டிஎக்ஸ்டி வரிகளும். புது இடத்துல அது விடுபட்டா மெயில் வராது. காலாவதித் தேதியையும் பாருங்க, ஒரு மாசத்துக்குள்ள முடியுதுன்னா முதல்ல புதுப்பிச்சுட்டு அப்புறம் மாத்துங்க. புதுக் கணக்குக்கு ஐடியா உங்க சொந்த டொமைன் மெயிலைக் குடுக்காதீங்க. டொமைன் நின்னா அந்த மெயிலும் நின்னுடும். தனி ஜிமெயில் ஒண்ணு திறந்து, அதுக்கும் கீ போட்டு, அந்த பேக்கப் கோடையும் அதே ஜிப் கவர்ல வைங்க.